அம்பயருக்கும் அடி சறுக்கும்

இந்த முறை வந்த கேள்விகளில் அரசியலையும் சினிமாவையும் அம்பயர் முந்திவிட்டார். ஆகவே பதில்கள் முழுக்க அவரைப் பற்றியே. அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டி அனுப்பியவர்களின் கார்டுகள் மட்டும் கிழிக்கப்பட்டன.

*

கே: அம்பயர் கொடுத்தது தப்பு என்று மைதானத்துக்கே தெரிகிறது. அப்போதும் ஏன் தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: ஆட்டாமல் போங்கள். தலையை ஆட்டினால் அதற்கும் சேர்த்து அபராதம் கட்ட வேண்டிவரும். பேட்டைத் தூக்கிக் காட்டுவது, முகத்தைச் சுளிப்பது, கிரீஸிலேயே நின்று முறைப்பது எல்லாமே ஐ.சி.சி. நடத்தை விதிப்படி குற்றம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தப்பே செய்யாதவர் என்று நினைத்து யாரும் அவரை நடுவில் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு பேரும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போக மாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் ஆட்டம் முடிய வேண்டும், அதற்காக நிறுத்தியிருக்கிறார்கள். அவர் கண்ணைச் சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. விரல் உயர்ந்தபின் அங்கேயே நிற்கத்தான் உரிமை இல்லை.

*

கே: 1986 சேப்பாக்கம் டெஸ்டில் மனிந்தர் சிங் உண்மையில் அவுட்டா, இல்லையா? எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருவல்லிக்கேணி

ப: உங்கள் வீட்டில் மட்டுமா? அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் ஓயவில்லை.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டம் அது. இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். கிரெக் மேத்யூஸ் பந்துவீச, ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், அடுத்த பந்தில் ஒன்று. ஸ்கோர் சமம். சாஸ்திரி மறுமுனைக்குப் போய்விட, மனிந்தர் ஒரு பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து பேடில் பட்டது. மேத்யூஸ் கத்தி முடிப்பதற்குள் அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். 347-க்கு ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை'.

பந்து முதலில் பேட்டில் பட்டது என்பது மனிந்தர் கட்சி. தான் கொடுத்தது சரிதான் என்பது விக்ரம்ராஜு கட்சி. இரண்டு பேரும் கட்சி மாறவே இல்லை.

எனக்கு அந்தப் பந்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. விக்ரம்ராஜு அதன்பின் ஒரு டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை. சொந்த நாட்டு அணிக்கு எதிராக, சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு நடுவே, ஐந்தாம் நாளின் கடைசி ஓவரில் விரலைத் தூக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! யோசிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவுட்டோ இல்லையோ, அவர் தனக்குப் பட்டதைச் சொன்னார். உங்கள் வீட்டுச் சண்டையில் என் ஓட்டு அவருக்கு.

*

கே: அம்பயருக்கு முக்கியமான உறுப்பு எது? கண்ணா, காதா, கையா?
– சிவகாசி

ப: கையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இங்கிலாந்தின் ஃப்ராங்க் செஸ்டர் முதல் உலகப் போரில் ஒரு கையை இழந்தவர். 48 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார். சிக்ஸருக்கு என்ன செய்தார் என்று அடுத்த கார்டு போட வேண்டாம். செயற்கைக் கை வைத்திருந்தார்.

*

கே: கவாஸ்கர் மெல்போர்னில் பாட்னரையும் இழுத்துக்கொண்டு வெளிநடப்பு செய்தாரே, அது வீரமா, வீம்பா?
– பள்ளி ஆசிரியை, நாமக்கல்

ப: வீம்பு. கவாஸ்கரே பிற்பாடு வருத்தப்பட்ட காரியத்தை நாம் வீரம் என்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

1981 பிப்ரவரி. அந்தத் தொடர் முழுக்க அவருக்கு ரன் வரவில்லை, கடைசி டெஸ்டில்தான் நிலைத்து ஆடினார். 70-ல் இருந்தபோது டென்னிஸ் லில்லி பந்தில் எல்.பி.டபிள்யூ. கொடுத்தார் அம்பயர் ரெக்ஸ் வைட்ஹெட். பந்து பேட்டில் பட்டது என்று கவாஸ்கர் பேடைத் தட்டித் தட்டிக் காட்டினார். லில்லி பக்கத்தில் வந்து, பட்ட இடம் இதுதான் என்று அதே பேடைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அங்கேதான் பொறி பறந்தது. பாதி வழி போன கவாஸ்கர் திரும்பி வந்து, எதிர்முனையில் நின்ற சேதன் சௌஹானையும் தள்ளிக்கொண்டு நடந்தார்.

எல்லைக் கோட்டருகே மேலாளர் துரானி நின்றிருந்தார். கேப்டன் கவாஸ்கர் உள்ளே போகலாம், சௌஹான் திரும்பி ஆடட்டும் என்று முடிவானது. கதையின் மிச்சம்தான் அழகு. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு வெறும் 143. தசைப்பிடிப்போடு வந்து பந்து போட்டார் கபில்தேவ். 28 ரன்னுக்கு 5 விக்கெட். ஆஸ்திரேலியா 83-க்குச் சுருண்டது. 59 ரன்னில் வெற்றி, தொடர் 1-1 என்று சமன்.

சௌஹான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கக்கூடும். கபில்தேவின் அந்த ஐந்து விக்கெட்டும் இருந்திருக்காது. அம்பயர் பறித்தது ஒரு விக்கெட்டை. கேப்டன் பறிகொடுக்கப் பார்த்தது ஒரு டெஸ்டை. வரலாற்றில் துரானி பெயரை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. எனக்கு அந்த ஆட்டத்தின் ஆட்டநாயகன் அவர்தான்.

*

கே: தோனி 2019-ல் மைதானத்துக்குள் இறங்கி அம்பயரிடம் நியாயம் கேட்டார். நியாயம் கேட்பது தப்பா? (சி.எஸ்.கே. ரசிகனாகக் கேட்கிறேன்.)
– மதுரை

ப: சி.எஸ்.கே. ரசிகனாகப் பதில் சொன்னால் தப்பில்லை. மற்றபடி தப்பு.

ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டம் அது. பென் ஸ்டோக்ஸ் வீசிய கடைசி ஓவரில் இடுப்புக்கு மேலே ஒரு ஃபுல்டாஸ். ஒரு அம்பயர் நோ-பாலுக்குக் கை நீட்டினார், அப்புறம் இல்லையென்று ஆகிவிட்டது. குழப்பியது அம்பயர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தோனி அப்போது அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தவர். களத்தில் இல்லாத ஆள் கயிற்றைத் தாண்டி வருவதை 'கேப்டன் கூல்' செய்தார் என்பதற்காக ரசிக்கத் தொடங்கினால், நாளைக்கு மாவட்ட லீக் ஆட்டத்தில் அணியின் செயலாளர், அவர் மச்சான், ஸ்பான்சர் செய்த நகைக்கடை முதலாளி எல்லோரும் இறங்குவார்கள். இப்போதே பாதிப் பேர் இறங்குகிறார்கள்.

அந்த ஆட்டத்தின் சம்பளத்தில் பாதி அபராதம் போட்டார்கள். கடைசிப் பந்தில் சான்ட்னர் சிக்ஸர் அடித்து சி.எஸ்.கே. ஜெயித்துவிட்டதால் யாருக்கும் வலிக்கவில்லை.

*

கே: அம்பயர் முடிவை மதிக்க வேண்டும் என்கிறீர்கள். ஆனால் அம்பயர் அவுட் கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட்ட விஸ்வநாத்தைப் புகழ்கிறீர்கள். இரட்டை நாக்கு?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

ப: குறுக்கு விசாரணையா? வாருங்கள்.

அப்பீலை வாபஸ் வாங்க பீல்டிங் கேப்டனுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது, அம்பயரின் சம்மதத்தோடு. 1980 பம்பாய் பொன்விழா டெஸ்டில் இங்கிலாந்தின் பாப் டெய்லரைக் கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுத்தார்கள். பந்து பேட்டில் படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற கேப்டன் விஸ்வநாத்துக்குத் தோன்றியது. அம்பயரிடம் போய்ச் சொல்லி டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது.

தனக்கு லாபமான முடிவைத் திருத்தச் சொல்வதும், தனக்கு நஷ்டமான முடிவைத் திருத்தச் சொல்வதும் ஒன்றா, வக்கீல் சார்? முதலாவதில் அம்பயரிடம் போனவர் நஷ்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். ஜெய்ப்பூரில் நான் குறை சொன்ன அதே தோனி, 2011 டிரென்ட் பிரிட்ஜில் தேநீர் இடைவேளைக்கு முந்தைய பந்தில் ரன்-அவுட்டான இங்கிலாந்தின் இயன் பெல்லைத் திரும்ப ஆட விட்டார். அதையும் இதே நாக்கால்தான் புகழ்கிறேன்.

*

கே: கோபம் தாங்க முடியவில்லை என்றால் அவுட்டான பேட்ஸ்மேன் என்னதான் செய்வது?
– விருதுநகர்

ப: டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகட்டும், கதவைச் சாத்தட்டும். ஆனால் ஜன்னலிடமிருந்து தள்ளி நிற்கட்டும். 2011-ல் லார்ட்ஸில் ரன்-அவுட்டாகி வந்த மேட் பிரையரின் பேட் பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் விழுந்தது. அத்தனைக்கும் அவர் கோபம் அம்பயர் மீது இல்லை.

*

கே: பேட்ஸ்மேன் தானாகவே நடந்து போய்விட்டால் அம்பயருக்குத் தலைவலியே இல்லையே?
– காரைக்குடி

ப: இல்லைதான். 2011 உலகக் கோப்பையில், நம் சேப்பாக்கத்திலேயே, வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக சச்சின் 2 ரன்னில் எட்ஜ் எடுத்தார். ஸ்டீவ் டேவிஸ் அவுட் இல்லை என்று தலையசைத்தார். சச்சின் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். டிக்கெட் வாங்கியவர்கள்தான் அந்த நேர்மையை அன்றைக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஸ்டூவர்ட் பிராட். 2013 டிரென்ட் பிரிட்ஜ் ஆஷஸ். எட்ஜ் பட்டு ஸ்லிப்பில் மைக்கேல் கிளார்க் கைக்குப் போன பந்துக்கு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். அலீம் தார் அவுட் தரவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூவும் மிச்சமில்லை. 37-ல் இருந்தவர் 65 எடுத்தார். இங்கிலாந்து ஜெயித்தது 14 ரன்னில்.

பிராட் செய்தது குற்றமில்லை. தீர்ப்பு சொல்வது அம்பயர் வேலை, அதை அவர் பார்க்கட்டும் என்று நின்றார். என் நிபந்தனை ஒன்றுதான். அம்பயர் தவறால் பிழைத்ததைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்பவர், அதே அம்பயர் தவறால் போகும்போதும் சத்தமில்லாமல் போக வேண்டும். லாபத்துக்கு ஒரு முகம், நஷ்டத்துக்கு ஒரு முகம் என்றால் அதற்கு நம் ஊரில் அழுகுணி ஆட்டம் என்று பெயர்.

*

கே: டி.ஆர்.எஸ். வந்தபிறகு சண்டை ஒழிந்திருக்க வேண்டுமே? இப்போது 'அம்பயர்ஸ் கால்' என்று புதிதாக ஒரு தலைவலி. ஸ்டம்பில் பட்டால் அவுட், படாவிட்டால் இல்லை. நடுவில் இது என்ன?
– பொறியாளர், ஓசூர்

ப: நீங்களே பொறியாளர், கணக்கில் பிழைவரம்பு என்று ஒன்று உண்டு என்பது தெரியாதா? பந்து பேடில் பட்ட இடம் வரைதான் கேமரா பார்த்தது. அங்கிருந்து ஸ்டம்ப் வரை கம்ப்யூட்டர் வரைவது ஊகம். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். பந்தில் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பை உரசும் என்று படம் காட்டினால், அந்த ஊகத்தை நம்பி மைதானத்தில் நின்ற மனிதரின் முடிவைப் புரட்ட வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். ரிவ்யூவும் பறிபோவதில்லை. அம்பயர் எந்தப் பக்கம் சொன்னாரோ அந்தப் பக்கமே நிற்கும். ஆகவே ஒரே மாதிரிப் பந்துக்கு ஒருவர் அவுட், இன்னொருவர் அவுட் இல்லை. எரிச்சலாக இருக்கும்தான்.

டி.ஆர்.எஸ்.ஸின் பெரிய கொடை தொழில்நுட்பம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபத்துக்கு ஒரு கவுன்ட்டர் திறந்து கொடுத்தது, அதுதான். கையால் 'டி' போட்டுக் காட்டினால் போதும். மறுப்பு பதிவாகிவிடும், யாருக்கும் அபராதம் இல்லை. பதினைந்து நொடிக்குள் கேட்க வேண்டும், கேட்டது பொய்த்தால் அடுத்த முறை கேட்க ஒன்று குறையும். நமக்கு இது பிடிபடக் காலம் பிடித்தது. 2008-ல் இலங்கையில் சோதனை ஓட்டம் நடந்தபோது ரிவ்யூவில் முதல் பலி நம் சேவாக். அதிலிருந்து இந்திய வாரியம் முறுக்கிக்கொண்டு, 2016 இங்கிலாந்து தொடரில்தான் வழிக்கு வந்தது.

*

கே: முரளிதரனுக்கு அவுஸ்திரேலியாவில நடந்ததையும் 'நடுவர் சொன்னால் சரி' எண்டு ஏற்கச் சொல்லுறீங்களோ?
– யாழ்ப்பாணம்

ப: இந்த முறை வந்ததிலேயே கஷ்டமான கேள்வி இது. சுற்றி வளைக்காமல் பார்ப்போம்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். அம்பயர் டேரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கொடுத்தார். இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க அன்று ஒரு காரியம் செய்தார். முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒரு நோ-பாலும் கொடுக்கவில்லை. அதே கை, அதே பந்து, அதே விதி. அம்பயர் மட்டும் வேறு. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒரு கேப்டனால் செய்ய முடியாது. ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை.

1999 ஜனவரி, அடிலெய்டு. இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். ரோஸ் எமர்சன், ஸ்கொயர் லெக்கில் நின்று நோ-பால் என்றார். இந்த முறை ரணதுங்க விரலை நீட்டி வாதாடி, அணியையே எல்லைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டார். தொலைபேசிகள் பறந்தன. பிறகு ஆட்டம் தொடர்ந்தது. 303 என்ற இலக்கை ஜயவர்தனவின் சதத்தோடு துரத்தி, ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்து இலங்கை ஜெயித்தது. ரணதுங்கவுக்கு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட தடையும்.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. பிற்பாடு ஐ.சி.சி. சோதித்துப் பார்த்தபோது, சுத்தமானவர்கள் என்று பெயர் வாங்கிய பௌலர்களின் கையும் ஓரளவு மடங்கி நீளத்தான் செய்கிறது என்று தெரிந்தது. 15 டிகிரி வரை பரவாயில்லை என்று விதியே மாறியது. அதாவது, அம்பயரின் வெறுங்கண்ணால் தீர்க்கவே முடியாத ஒன்றை அம்பயர் கண்ணிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஹேருக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்ததுதான் பிழை. இப்போது சந்தேகம் வந்தால் அம்பயர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், சோதனைக்கூடம் அளந்து சொல்கிறது. ஒரு பௌலரின் பிழைப்பு பொதுமக்கள் முன்னிலையில் ஏலம் போவதில்லை.

ரணதுங்க செய்ததில் எது சரி? 1995-க்கு முழு மதிப்பெண். 1999-ல் அம்பயர் முகத்துக்கு நேரே விரல் நீட்டியதற்குக் கழித்தல். ஆனால் கேப்டன் தன் பௌலரை அன்று தனியாக விட்டிருந்தால் 800 விக்கெட் வந்திருக்குமா என்றும், அந்தச் சத்தம் இல்லாமல் விதி அவ்வளவு சீக்கிரம் அசைந்திருக்குமா என்றும் நீங்கள் திருப்பிக் கேட்டால், எனக்கும் சந்தேகம்தான். எல்லைக் கோட்டைத் தாண்டாமல் நின்றாரே, அந்த மட்டில் அவரோடு நானும் நிற்கிறேன்.

*

கே: நம் ஊர் ஆட்டத்தில் நம் ஊர் அம்பயர் நமக்குச் சாதகமாகச் சொல்வது இயற்கைதானே?
– கும்பகோணம்

ப: எதிரணிக்கு அப்படித் தோன்றுவது இயற்கை. அதனால்தான் 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் ஆடிய டெஸ்டுக்கு மூன்றாம் நாட்டு அம்பயர்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது பாகிஸ்தான், போனவர்கள் இந்தியர்கள்: வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பாகிஸ்தான் மைதானத்தில் நியாயம் சொல்ல இரண்டு இந்தியர்கள்! இன்றைக்கு இதை எழுதவே கை கூசுகிறது.

அடுத்த ஆண்டே பைசலாபாத்தில் பாகிஸ்தான் அம்பயர் ஷகூர் ராணாவும் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங்கும் மூக்கோடு மூக்கு வைத்துச் சண்டை போட்டார்கள். கேட்டிங் மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்று அம்பயர் சொன்னதில் ஒரு நாள் ஆட்டமே நடக்கவில்லை. கேட்டிங் ஒரு துண்டுக் காகிதத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். இங்கிலாந்து வாரியம் பிறகு தன் வீரர்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு போனஸ் கொடுத்தது. மன்னிப்புக் கேட்டதற்கா, சண்டை போட்டதற்கா என்று ரசீதில் எழுதவில்லை.

*

கே: கால்பந்தில் மட்டும் ஏன் பதினொரு பேரும் ரெஃபரியைச் சுற்றிக் கத்துகிறார்கள்?
– வியாபாரி, காயல்பட்டினம்

ப: கத்தினால் காரியம் நடக்கும் என்று நீண்ட காலம் விட்டு வைத்ததால். ரக்பியில் மலைபோன்ற ஆட்கள் ரெஃபரியை 'சார்' என்று கூப்பிடுகிறார்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே ரெஃபரியிடம் வந்து பேசலாம், மற்றவர் வந்தால் மஞ்சள் அட்டை என்று கண்டிப்பு காட்டினார்கள். நல்ல வழி. உங்கள் ஊர்ப் போட்டிகளிலும் செய்து பாருங்கள்.

மரடோனா 1986-ல் கையால் போட்ட கோலைக் கொடுத்த துனீசிய ரெஃபரி அலி பின் நாசர் ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்துக்காரர்கள் கொதித்தார்கள், கோல் கோல்தான். 2015-ல் மரடோனா துனீசியாவுக்கே போய் அவரைப் பார்த்து, கையெழுத்திட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தார். பந்து இத்தனை வருடமும் பின் நாசரிடமே இருந்தது. 2022-ல் அதை லண்டனில் ஏலம் விட்டார். இருபது லட்சம் பவுண்டு. ஒரு தவறான முடிவுக்கு அதைவிட அதிகம் வாங்கிய ரெஃபரி யாரும் இருக்கிறாரா, தெரிந்தவர்கள் எழுதலாம்.

*

கே: தவறு செய்த அம்பயர் ஒருவராவது மன்னிப்புக் கேட்டதுண்டா?
– இல்லத்தரசி, சேலம்

ப: உண்டு. அமெரிக்க பேஸ்பால். நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம், ஆனாலும் கேளுங்கள். எதிரணியின் 27 பேரையும் வரிசையாக, ஒருவரைக்கூட முதல் தளம் தொட விடாமல் அவுட்டாக்கினால் அது பௌலருக்கு வாழ்நாள் சாதனை. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா என்ற வெனிசுவேலா இளைஞர் 26 பேரை அப்படி வெளியேற்றிவிட்டார். 27-வது ஆளும் தெளிவான அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரு கையையும் விரித்து 'சேஃப்' என்றார். சாதனை போச்சு.

கலராகா சிரித்தார். கத்தவில்லை, தொப்பியை வீசவில்லை. திரும்பிப் போய் அடுத்த ஆளை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். ஜாய்ஸ் அறைக்குப் போய் ரீப்ளே பார்த்தார், நொறுங்கிப் போனார். பத்திரிகைக்காரர்களிடம் தான் தவறிவிட்டதாகச் சொன்னார், கலராகாவைப் பார்த்துக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் அதே மைதானம், அதே அணி, அதே அம்பயர். ஆட்டம் தொடங்குமுன் அணிப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க வேண்டியது வழக்கமாக மேலாளர் வேலை. அன்று கலராகாவை அனுப்பினார்கள். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார். கூட்டம் கை தட்டியது.

முடிவை மாற்றச் சொல்லி நாடே கேட்டது. நிர்வாகம் மாற்றவில்லை. கலராகாவுக்கு ஒரு கார் கிடைத்தது. சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இல்லை. மாற்றியிருக்கலாம் என்று எனக்கு ஒரு சபலம் உண்டு. ஆனால் ஒன்றைத் திறந்தால் அப்புறம் எந்த ஆட்டமும் இரவோடு முடியாது.

*

கே: சரிதா தேவி ஆசியப் போட்டியில் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நானும் அழுதேன். அவருக்குத் தடை விதித்தது நியாயமா?
– குத்துச்சண்டை வீராங்கனை, வடசென்னை

ப: 2014 இன்சியான் அரையிறுதியில் சரிதாதான் ஜெயித்தார் என்று பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். அவர் அழுததில் ஒரு தப்பும் இல்லை. பதக்க மேடையில் வெண்கலத்தை எடுத்து, தன்னை வென்றதாக அறிவிக்கப்பட்ட கொரியப் பெண் பார்க் ஜி-னாவின் கழுத்தில் போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. தீர்ப்பு எழுதியவர்கள் வெளியே உட்கார்ந்திருந்த நீதிபதிகள். பார்க் செய்ததெல்லாம் ரிங்கில் இறங்கிச் சண்டை போட்டது மட்டும். அவமானம் அவர் கழுத்தில் விழுந்தது. ஓராண்டுத் தடை கொஞ்சம் அதிகம். மன்னிப்புக் கேட்டவருக்கு அதில் பாதி போதும்.

*

கே: என் பையன் ஆடும் அகாடமி ஆட்டங்களில் பெற்றோர்களே கயிற்றுக்கு வெளியே நின்று அம்பயரைத் திட்டுகிறார்கள். பையன்கள் அதையே கற்றுக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
– கோவை

ப: திட்டுகிறவரில் குரல் பெரிதாக இருப்பவரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த பயிற்சி ஆட்டத்தில் பத்து ஓவர் நிற்க வையுங்கள். கையில் ஆறு சின்னக் கல். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்ற வேண்டும். இடுப்பில் பௌலரின் ஸ்வெட்டர், கையில் தொப்பி. பௌலரின் முன்கால் கோட்டுக்குள் விழுந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு, உடனே கண்ணை எதிர் ஸ்டம்புக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவர்கள் கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகப் பந்து அங்கே போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடிதான். அதற்குள் எங்கே விழுந்தது, எங்கே பட்டது, முதலில் பேட்டா பேடா, ஸ்டம்பைத் தொடுமா, எல்லாம் முடிவாக வேண்டும். அப்பீல் கேட்காவிட்டால் வாயே திறக்கக் கூடாது. நாலாவது ஓவரில் உங்கள் ஆள் கல்லைத் தொலைத்துவிட்டு ஓவருக்கு ஏழு பந்து போட வைப்பார். அப்போது நீங்கள் யாரும் கத்த வேண்டாம், பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.

*

கே: பெண்கள் ஆண்கள் ஆட்டத்துக்கு அம்பயராக நின்றால் ஆட்டக்காரர்கள் மதிப்பார்களா?
– செங்கல்பட்டு

ப: 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையிலேயே மூன்று பெண்கள் நின்றாயிற்று. அதில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஆட்டக்காரர்கள் விரலைத்தான் பார்க்கிறார்கள். வளையலைப் பார்த்தது நீங்கள்.

*

கே: 2019 உலகக் கோப்பை இறுதியில் தர்மசேன ஆறு ரன் கொடுத்தது தவறுதானே? நியூசிலாந்து ஏன் வழக்குப் போடவில்லை?
– சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: தவறுதான். கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு எல்லைக்கு ஓடியது. எறிந்த நொடியில் பேட்ஸ்மேன்கள் இருவரும் இரண்டாவது ரன்னுக்குக் குறுக்கே கடந்திருக்கவில்லை. ஆகவே ஐந்துதான் என்று முன்னாள் அம்பயர் சைமன் டௌஃபல் விதியைக் காட்டினார். தர்மசேனவும் டிவியில் பார்த்தபிறகு தவறை ஒப்புக்கொண்டார். ஆட்டம் டை, சூப்பர் ஓவரும் டை, பவுண்டரி எண்ணிக்கையில் கோப்பை இங்கிலாந்துக்கு.

கேன் வில்லியம்சன் அம்பயரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. பவுண்டரி எண்ணும் அந்த விசித்திர விதியை மூன்றே மாதத்தில் ஐ.சி.சி. தூக்கிப் போட்டது. நியூசிலாந்துக்குக் கோப்பை வரவில்லை. வழக்குப் போட்டிருந்தாலும் வந்திருக்காது. நம் ஊர் நீதிமன்றமாக இருந்தால் இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்.

*

கே: எங்கள் தெரு கிரிக்கெட்டில் பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர். ரன்-அவுட் கேட்டால் 'டவுட்டு பேட்ஸ்மேனுக்கு' என்கிறான். எப்போதும் அவனுக்கு டவுட்டுதான். போங்கு ஆட்டம்! வழி சொல்லுங்கள்.
– எட்டாம் வகுப்பு, வியாசர்பாடி

ப: தம்பி, பேட் யாருடையது என்று முதலில் பார். பேட் சொந்தக்காரன் அவுட்டாக இருந்தால் அம்பயருக்கு மட்டுமல்ல, உனக்கும் டவுட் வந்துதான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பேட் வீட்டுக்குப் போய்விடும்.

மற்றபடி, இரண்டு டீமுக்கும் பொதுவான ஆள் வேண்டுமென்றால் எதிர் வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பார். பந்து அவர் வீட்டுக்குள் விழுந்தால் எந்த டீமுக்கும் திருப்பித் தராதவராமே.